தொக்கம் எடுத்த விரல்: கீரப்பாளையம் பக்கத்திலிருந்து கடலூர் தொத்துவியாதி வார்டு வரை

அன்று காலை பட்டம்மா வீட்டு வாசலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், ஜெய்த்தூன். என் இடுப்பில் என் மகள் பரிதா, வயது நாலு. என் மாமியார் கதீஜா பீவி. என் கணவரின் அண்ணன், அதாவது பெரிய மச்சான். வண்டிக்காரர் முனுசாமி. தொக்கம் எடுக்கிற பட்டம்மா. எங்களுக்கு அடுத்ததாகக் காத்திருந்த செல்வி, அவள் மடியில் அவள் மகன் குமார், ரெண்டு வயசுப் பையன். யாரையும் விடவில்லை. எனக்கு மூணாம் வகுப்புப் படிப்புதான், ஆனால் பார்த்த முகம் மறக்காது.

இந்த வலைப்பூ என் பேத்தியுடையது. ஊர் ஊராகப் போய் எந்த பஸ், என்ன செலவு என்று எழுதுவாள். போன வாரம் தன் கைக்குழந்தைக்குப் போடவேண்டிய தடுப்பூசியை, "போட்டா காய்ச்சல் வருது பாட்டி, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிவைத்தாள். அன்றைக்கே சொன்னேன், ஒரு பதிவுக்கு இடம் விடு, நானும் ஒரு பயணம் எழுதுகிறேன் என்று. நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், ஐப்பசி மழை பிடித்திருந்த சமயம்.

என் கணவர் அப்போது பினாங்கில் கடை வேலை. வீட்டுக்குப் பெரிய ஆம்பிளை பெரிய மச்சான்தான். நல்லவர். கோபம் வராது, கை தாராளம். அவருடைய மூத்த மகளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ் குறித்திருந்தது. வீடெல்லாம் ஜவுளிப் பேச்சு. அந்தச் சந்தடியில் பரிதாவுக்குக் காய்ச்சல் வந்தது. ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. கழுத்து ரெண்டு பக்கமும் வீங்கி, தாடையும் கழுத்தும் ஒன்றாகிவிட்டன.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. குழந்தை தின்ற ஏதாவது ஒன்று தொண்டையில் ஒட்டிக்கொண்டு சோற்றை இறங்கவிடாமல் செய்யும், அதற்குத் தொக்கம் என்று பெயர். அதைக் கைராசிக்காரி ஒருத்தி விரலை விட்டு எடுத்துவிடுவாள்.

"கடல தின்னா இல்ல, அது ஒட்டிக்கிச்சு" என்றார் மாமி. "சிதம்பரம் போற வழிதான, பட்டம்மா ஊட்ல எறங்கி எடுத்துக்கிட்டு போவலாம். டாக்டரு என்னா பண்ணுவான், ஊசியக் குத்தி அனுப்புவான்."

நானும் சரி என்றேன். என் அம்மா எனக்கும் அப்படித்தான் செய்திருக்கிறாள்.

விடிந்ததும் கிளம்பினோம். எங்கள் ஊரிலிருந்து சிதம்பரம் ஐந்து மைல். கூண்டு வண்டிக்கு முனுசாமி ரெண்டு ரூபாய் கேட்டார். பட்டம்மா வீடு பாதி வழியில், ரோட்டை ஒட்டியே இருந்தது. பட்டம்மா விளக்கெண்ணெயைத் தொட்டுப் பரிதாவின் தொண்டையில் மேலிருந்து கீழே தடவினாள்.

"வாயத் தொற என் தங்கம். கடிச்சின்னு வையி, மொட்டத்தல மாப்ளையா பாத்துக் கட்டி வச்சிருவேன்."

எல்லோரும் சிரித்தோம். செல்விகூடச் சிரித்தாள். பட்டம்மா ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, வளைத்து, ஒரு இழு இழுத்தாள். பரிதா அலறினாள். எச்சிலோடு ரத்தம் வந்தது. பட்டம்மா விரல் நுனியில் ஏதோ ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டுக்குள் ஒரு மெல்லிய தோல் வருமே, அந்த மாதிரி. சாம்பல் வெள்ளை.

"ந்தா பாரு, தோலாட்டம் ஒட்டிக்கிட்டுக் கெடந்திருக்கு. இனிமே சோறு எறங்கும்."

மாமி அல்லாவுக்கு நன்றி சொன்னார். பெரிய மச்சான் அவள் கையில் எட்டணா வைத்தார். பட்டம்மா அந்த விரலை முந்தானையில் துடைத்தாள். "செல்வி, நீ கொண்டா" என்றாள். அதே விரல் குமாரின் வாய்க்குள் போனது. நான் பார்த்துக்கொண்டே வண்டியில் ஏறினேன். அப்போது அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வண்டி அரை மைல் போயிருக்கும். பரிதா மூச்சு இழுக்கும்போது ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. மரம் அறுக்கிற ரம்பம் போல. முனுசாமி திரும்பிப் பார்த்தார்.

"தாயி, புள்ள மூச்சு செரியில்ல. நெஞ்சுக்குழி பாரு, உள்ளாற போவுது."

பிறகு அவர் மாட்டை அடித்த அடிக்கு மாமி திட்டினார். முனுசாமியை நான் என்றைக்கும் வாழ்த்துவேன். நடுவில் ஒரு டீக்கடையில் நிறுத்தப் பார்த்தாரே என்று ரொம்ப காலம் மனதில் வைத்திருந்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர். டார்ச்சும் ஒரு கரண்டியும் எடுத்துப் பரிதாவின் வாயைப் பார்த்தார். பார்த்தவர் ரெண்டடி பின்னால் போய்விட்டார். டாக்டர் பின்னால் போனதை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். 

"இது தொண்ட அடைப்பான்மா. எங்கிட்ட இதுக்கு மருந்து இல்ல. கடலூருக்கு ஓடுங்க. அங்க தொத்துவியாதி வார்டுல வெளியூர் மெடிக்கல் காலேஜு ப்ரொபசர் ஒருத்தர் தன்னோட மாணவர்களக் கூட்டிக்கிட்டு வந்து தங்கியிருக்காரு. இந்த நோயத்தான் ஆராய்ச்சி பண்றாரு. பதினோரு மணிக்குப் பாசஞ்சர் இருக்கு. படுக்கப் போடாதீங்க, நிமித்தியே வச்சிருங்க."

பெரிய மச்சான் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். ஜவுளி வாங்க வைத்திருந்த பணத்தில்தான் டிக்கெட், ஆளுக்கு ஒண்ணேகால் ரூபாய். கடலூருக்கு இருபத்தெட்டு மைல். ஒன்றரை மணி நேரமும் அவர் உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் பிள்ளையின் கழுத்து மடங்குகிறது என்று நின்றுகொண்டே வந்தார்.

கிள்ளையில் ஒரு மஞ்சள் சேலைக்காரி கைக்குழந்தையோடு ஏறி எதிரே உட்கார்ந்தாள்.

"என்னாங்க புள்ளைக்கு, இப்டி இழுக்குது?"

"சளிங்க" என்றார் பெரிய மச்சான்.

அவள் பரிதாவை உற்றுப் பார்த்தாள். வெள்ளாற்றுப் பாலம் வருவதற்குள் எழுந்து பெட்டியின் மறு கோடிக்குப் போய்விட்டாள். என் பிள்ளையைப் பார்த்து அருவருத்தாள் என்று அவளை எத்தனையோ வருஷம் சபித்திருக்கிறேன். அவள் செய்ததுதான் சரி. அவளை மன்னித்து நாளாகிறது.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கினோம். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் துறைமுகம் ஸ்டேஷனில் இறங்கிவிடுவார்கள், அது வேறு, கவனம். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் எங்கே என்றார். சொன்னோம்.

"தொத்து வார்டா? கேட்டுக்கு இந்தாண்டயே எறக்கிடுவேன் பாய். உள்ளாற வரமாட்டேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

"கேட்டு வரைக்கும் பறக்கணும்" என்றார் பெரிய மச்சான். பறந்தார். கெடிலம் பாலத்தின் ஏற்றத்தில் பெரிய மச்சானே ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மற்றொரு கையால் ரிக்‌ஷாவைத் தள்ளினார். அதையும் மறக்கவில்லை. எழுதுகிறவள் எல்லாவற்றையும் எழுதவேண்டும்.

அந்த வார்டு ஒதுக்குப்புறமாக இருந்தது. ஜன்னல், கதவு எல்லாம் கம்பிவலை. வாசலில் ஒரு தொட்டியில் மருந்துத் தண்ணீர், கை நனைத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், என் பிள்ளைக்கு நல்லது செய்த இடம். உள்ளே நுழைந்ததும் பத்துப் பன்னிரண்டு வெள்ளைக் கோட்டுகள் சூழ்ந்துகொண்டன. மீசைகூடச் சரியாக முளைக்காத பையன்கள், நடுவில் ஒரே ஒரு பெண். ப்ரொபசர் பரிதாவை மடியில் வைத்துக்கொண்டு அவர்களை அருகே கூப்பிட்டார்.

"யாரும் பேசாதீங்க. கண்ண மூடிக்கிட்டு இந்த மூச்சக் கேளுங்க. இந்தச் சத்தம் எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல."

ஒவ்வொருவராகக் குனிந்து காது கொடுத்தார்கள்.  "எம்புள்ள சாவக் கெடக்குது, நீ பாடம் நடத்துறியா? எம்புள்ள என்னா ஒனக்குப் பாடப் பொஸ்தகமா?" என்று கத்திவிட்டேன்.

அவர் என்னைக் கோபிக்கவில்லை. "ஆமாம்மா" என்றார். "மருந்து கலக்கிட்டிருக்காங்க, அதுவரைக்கும் இவங்க கேக்கட்டும். நாளைக்கு வேற ஒரு ஊர்ல இதே மாதிரி ஒரு அம்மா ஓடி வந்தா, இவங்கள்ல ஒருத்தன் ரெண்டடி பின்னால போவாம முன்னால வருவான்."

பிறகு வாய்க்குள் விளக்கடித்து எல்லோருக்கும் காட்டினார். அந்த முட்டைத் தோல். தொண்டை முழுக்கப் படர்ந்து கிடந்தது, ஓரத்தில் ஒரு இடம் மட்டும் பிய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. "இதப் பிய்க்கவே கூடாது. இதுக்குள்ளதான் கிருமி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அதற்குள் நர்ஸம்மா ஊசி கொண்டுவந்தார்.

"குதிர ரத்தத்துலேந்து எடுக்கிற மருந்தும்மா. மொதல்ல ஒரு பொட்டு போட்டுப் பாக்கணும்."

"குதிரையா?" என்று மாமி வாயில் கை வைத்தார். "யா ரப்பே, இது ஆகுமா?"

"புள்ள மொதல்ல பாட்டி. குதிரயப் பத்தி அப்புறமா பேசிக்கலாம்."

மருந்து ஏறியது, ஆனால் அது வேலை செய்யும்வரை மூச்சு காத்திருக்கவில்லை. பரிதாவின் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி ஆனது. எங்களை வெளியே அனுப்பினார்கள். ப்ரொபசர் வெளியே வந்து, கழுத்தின் முன்பக்கம் கீறி ஒரு குழாய் வைக்கவேண்டும், அதன் வழியாக மூச்சு போகும், கையெழுத்து யார் போடுகிறீர்கள் என்று கேட்டார்.

மாமி குறுக்கே விழுந்தார். எங்களில் கருகமணிதான் தாலி. "கருகமணி கட்டுற கழுத்துடா அது! பொட்டப்புள்ள கழுத்துல கத்தி வச்சா நாளைக்கி யாருடா கட்டுவான்? எம்மவன் பினாங்குல இருக்கான், அவன ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

 பெரிய மச்சான்தான் பேசினார்.

"கழுத்து இருந்தாத்தாம்மா கருகமணி. டாக்டரு, கொண்டாங்க, நான் போடுறேன்."

போட்டார். ப்ரொபசர் உள்ளே ஓடினார். நான் கம்பிவலைக் கதவில் முகத்தை வைத்து நின்றேன். உள்ளே விளக்குப் பிடித்திருந்த மாணவன் ஒருவன் தொப்பென்று மயங்கி விழுந்தான். அந்தப் பெண் மாணவி அவனைத் தாண்டி வந்து விளக்கை வாங்கிக்கொண்டாள். அப்புறம் ரம்பச் சத்தம் நின்றது. சுத்தமாக நின்றுபோனது.

போய்விட்டாள் என்றே நினைத்தேன். கலிமா சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

ப்ரொபசர் வெளியே வந்து பெரிய மச்சானைத் தன் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். என்னை உள்ளே விட்டார்கள். கட்டிலில் பரிதா கண் விழித்துக் கிடந்தாள். கழுத்துக்குழியில் ஒரு வெள்ளிக் குழாய். என்னைப் பார்த்ததும் அழுதாள். வாய் திறக்கிறது, முகம் கோணுகிறது, கண்ணீர் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. என் பிள்ளையை ஊமையாக்கிவிட்டார்களே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். அந்த மாணவி என் கையைப் பிடித்தாள்.

"மூச்சு குழாய் வழியா போவுதும்மா, அதான் சத்தம் வரல. குழாய எடுத்ததும் உங்கள நிம்மதியா இருக்க விடமாட்டா, பாருங்க."

அவளைச் சின்ன டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டேன். குழாயில் சளி அடைக்கும்போதெல்லாம் உறிஞ்சி எடுப்பது அவள் வேலை. அடைத்தால் பிள்ளை போய்விடும், அதனால் கட்டில் காலை விட்டு அவள் நகரவில்லை. வாங்கிவந்த இட்லியில் பாதியை அவளுக்கு ஊட்டினேன். குழாயை எடுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. எடுத்த அன்று பரிதா கரகரத்த குரலில் "அம்மா, கடல வேணும்" என்றாள். நான் சிரித்ததும் அழுததும் அந்த வார்டுக்கே கேட்டது.

அன்று மத்தியானம் சின்ன டாக்டரம்மா ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி என் தொண்டையிலும் மாமி தொண்டையிலும் தடவி எடுத்தாள். நோய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்ப்பதும் அவர்கள் படிப்பாம். சில பேருக்கு ஒன்றும் செய்யாமலே அந்தக் கிருமி தொண்டையில் குடியிருக்குமாம். எழுதிக்கொண்டே கேட்டாள்.

"இங்க வர்றதுக்கு முன்னால இவ வாயில யாராச்சும் வெரல் விட்டாங்களா?"

"பட்டம்மா தொக்கம் எடுத்தா."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "யாரு பட்டம்மா? எப்போ?"

சொன்னேன். இந்தப் பதிவின் முதலில் எழுதியிருக்கிறேனே, அப்படியே ஒவ்வொருவராகச் சொன்னேன். முந்தானையில் துடைத்ததையும், அதே விரலைக் குமார் வாயில் விட்டதையும் சொன்னேன்.  நான் என்ன சொல்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் புரிந்தது.

"அன்னிக்கே ஸார் உங்க மச்சான ரூமுக்குக் கூப்புட்டுக் கேட்டாரே" என்றாள். "யாரோ தொண்டையப் பிய்ச்சிருக்காங்க, அந்தக் கை வேற கொழந்த மேல பட்டிருந்தா அதுக்கும் வந்துரும், எங்கன்னு சொன்னீங்கன்னா இப்பவே ஜீப்புல போய் ஊசி போட்டுக் காப்பாத்திருவோம்னு தெளிவா சொன்னாரே. வீட்டுலேந்து நேரா வர்றோம், எங்கயும் எறங்கல, யாரும் தொடலன்னாரே உங்க மச்சான்!"

ஜீப் உடனே கிளம்பியது. நான் வாசலிலேயே நின்றேன். பொழுது சாய்ந்து திரும்பி வந்தது. பட்டம்மாவும் அவள் தெருப் பிள்ளைகள் மூன்று பேரும் இறங்கினார்கள். செல்வியைக் காணோம், குமாரைக் காணோம்.

சின்ன டாக்டரம்மா என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். "முந்தா நேத்து போயிருச்சாம். காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னு மந்திரிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க."

பெரிய மச்சான் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு அப்போதுதான் வந்தார். அதுவரை அவர் முகத்தை நேராகப் பார்த்து நான் பேசியதில்லை. அன்று கேட்டேன்.

"டாக்டரு கேட்டப்ப ஏன் மறச்சீங்க?"

அவர் பழத்தைக் கட்டில்மேல் வைத்தார். "மெல்லப் பேசு புள்ள. ஜீப்பு ஊருக்குள்ள வந்தா தொத்துவியாதி வூடுன்னு பேராயிரும். மாப்ள வூட்டுக்காரங்க நிக்காஹ நிறுத்திருவாங்க. எம்மவ கதி என்னாவறது?"

"குமாரு செத்துட்டான்."

 அவர் பரிதாவின் தலையைத் தடவினார். "நம்ம புள்ள பொழச்சிச்சில்ல. அதப் பாரு."

நிக்காஹ் குறித்த தேதியில் நடந்தது. எனக்கு அந்தச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கு முன்னாலேயே நான் தனியாக நடந்து செல்வி வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். மண்ணை வாரி என் தலையில் போடுவாள் என்று தயாராகப் போனேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "ஒம்மவ பொழச்சிக்கிட்டாளா?" அதைத் தாங்கிக்கொண்டு திரும்பி வருவதுதான் கடலூர்ப் பயணத்தைவிட நீளமாக இருந்தது.

இனிப் போகிறவர்களுக்கு. இப்போது சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ் எந்நேரமும் உண்டு, அவசரம் என்றால் 108 கூப்பிடுங்கள், ரயிலுக்குக் காத்திருக்காதீர்கள். பிள்ளைக்குக் கழுத்து வீங்கி மூச்சில் சத்தம் வந்தால் நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஓடுங்கள். வாய்க்குள் யார் விரலையும் விடவிடாதீர்கள், எத்தனை கைராசிக்காரியானாலும் சரி. தடுப்பூசிக்கு ஒரு நாள் காய்ச்சல் வரும், வரட்டும். என் பேத்தி நேற்றுத் தன் குழந்தைக்குப் போட்டுக்கொண்டு வந்தாள், பிள்ளை இரவெல்லாம் சிணுங்கியது, கேட்க நன்றாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, டாக்டர் கேட்டால் போன இடம், தொட்ட ஆள், பக்கத்தில் இருந்த பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். வெட்கமாக இருந்தாலும் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்கு மட்டும் அவர்கள் கேட்கவில்லை.

பட்டம்மா தொண்டையிலும் அந்தக் கிருமி இருந்ததாம், ஒரு தும்மல்கூட இல்லாமல். விஷயம் தெரிந்ததும் தன் விரலைச் சுவரில் இடித்து இடித்து அழுதாள். அவள் தெரியாமல் செய்தாள், மன்னித்தேன். மாமியும் தெரியாமல் சொன்னார், மன்னித்தேன். பெரிய மச்சானுக்குத் தெரிந்திருந்தது.

எங்களில் ஒருவர் மவுத்துக்கு, அதாவது சாவுக்குக் கிடக்கும்போது சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு மாப்பு கேட்பார், செய்த பிழைக்கு மன்னிப்பு. அவரும் கேட்டார். என் பிள்ளையை நின்றுகொண்டே சுமந்த தோள், கையெழுத்துப் போட்ட கை, எல்லாம் எலும்பாகிக் கிடந்தன. கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் "மாப்பு செஞ்சோம்" என்றார்கள். பரிதாவும் சொன்னாள், அது அவள் இஷ்டம். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி சொல்லவேண்டியதை நான் எப்படிச் சொல்வது? வாயைத் திறக்காமல் நின்றேன். அப்படியே போய்ச்சேர்ந்தார்.

கணவரின் அண்ணன் பெயரை எங்கள் வீட்டுப் பெண்கள் வாயால் சொல்வதில்லை, அது மரியாதை. நானும் இத்தனை வருஷம் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். நான் மன்னிக்காத ஆள், அப்துல் கரீம் மகன் கமாலுதீன்.